கோச்சி போன பிறகும் ஊதினோம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இன்றைக்கு டவுனில் என் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிற இரண்டு பேரும் பட்டம் வாங்கியவர்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். இதை மட்டும் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் வாசிப்பில் என்னிடம் பிழை கண்டுபிடித்தவன் இந்த மலைநாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

கடைக்காரனுக்கும் சாக்ஸபோனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எழுபதுகளின் கடைசியில், தலவாக்கலைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில், நாலு சாக்ஸபோன் மட்டும் வைத்து ஒரு செட் நடத்தினவன் நான். டிரம்ஸ் கிடையாது, கிட்டார் கிடையாது, பாடகன் கிடையாது. நாலு பேர், நாலு சாக்ஸ். அப்படி ஒரு செட் எங்களுக்கு முன்னால் இந்த நாட்டில் இருந்தது என்று யாராவது நிரூபித்தால் கடையை எழுதிக் கொடுக்கிறேன்.

சாக்ஸ் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே மெஷின் பழுது பார்க்கிற பிட்டருக்கு நான் கையாளாக இருந்தேன். தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரப் பெரியதொரைக்குச் சாக்ஸ் பைத்தியம். கிளப்பில் டான்ஸ் நடந்தால் அவரும் பேண்டோடு சேர்ந்து ஊதுவார். ஒரு மழைக்காலத்தில் அவருடைய சாக்ஸ் காற்றை விட ஆரம்பித்தது. கொழும்புக்கு அனுப்பினார், போன மாதிரியே திரும்பி வந்தது. "குடுங்க தொரை, நான் பாக்குறேன்" என்றேன். ஓட்டைகளை மூடுகிற பஞ்சு எல்லாம் உளுத்துப் போயிருந்தது. தேயிலை பறிக்கிற கொழுந்துக்காரிகள் போர்த்துகிற பழைய கம்பளியை வட்ட வட்டமாக வெட்டினேன். கிழிந்த தப்பு மேளத்தின் தோலைச் சுரண்டி மெலிசாக்கி அதன் மேல் இழுத்துப் போர்த்தினேன். அரக்கை உருக்கி ஒட்டினேன். தொரை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே ஒரு மெடல் மாதிரி.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தொரைமார் மூட்டை கட்டினார்கள். கிளப்புக்குச் சொந்தமான மூன்று சாக்ஸ், தன்னுடையது ஒன்று, ரெக்கார்ட் போடுகிற பெட்டி ஒன்று, ஒரு கட்டு ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் தொரை என்னைக் கூப்பிட்டுத்தான் கொடுத்தார். மலை வேலையை மேய்க்கிற கண்டாக்கையாவுக்குக் கொடுக்கவில்லை. கிளாக்கருக்குக் கொடுக்கவில்லை. எனக்கு.

நாலு சாக்ஸுக்கு நாலு வாய் வேண்டுமே. நேராக இருக்கிற சின்னதைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் வேதக்காரர், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், இங்கிலீசு தெரிந்தவர். அடுத்ததைப் பங்களா குக்கிடம் கொடுத்தேன். கிளப் டான்சுக்குச் சாப்பாடு பரிமாறிப் பரிமாறியே பாதி மெட்டுகளை மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஆள். ஆள் உயரத்துக்கு இருந்த பெரியதைத் தப்பு அடிக்கிறவரிடம் கொடுத்தேன். "இதென்ன வளைசல் நாயனமா, யானைத் தும்பிக்கையா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினார். மிச்சமிருந்த டெனர் சாக்ஸ் எனக்கு. அதுதான் செட்டின் முதுகெலும்பு.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ஓடாது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா நல்ல மனுஷன்; கொழுந்து வாட்டுகிற மேல்மாடியின் சாவியைக் கொடுத்துவிடுவார். கரண்ட் இருந்த இடம் அதுதான். ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். முக்கால்வாசி டான்ஸ் பாட்டு. அடியில் ஒன்று இருந்தது. அட்டையில் ஒரு கறுப்பு மனுஷன், கண்ணை மூடியபடி. சாக்ஸ் அழுகிறதா, கும்பிடுகிறதா என்று தெரியவில்லை. வாத்தியார் அட்டையின் பின்பக்கத்தை வாசித்தார்.

"இவரு அமெரிக்காக்காரரு. பாட்டன் பூட்டன் எல்லாம் பருத்தித் தோட்டத்துல அடிமையா கெடந்தவங்களாம். டான்ஸுக்கு ஊதிக்கிட்டு இருந்தவரு, இனிமே ஆண்டவருக்குத்தான் ஊதுவேன்னு எறங்கிட்டாராம். இது ஆட்டம் இல்லப்பா, செபம்."

"அவங்களுக்குப் பருத்தி, நமக்குக் கொழுந்து" என்றார் குக்.

"அப்ப அந்தாளுக்கும் விடியக்காலை பெரட்டு இருந்திருக்கும்" என்றார் தப்புக்காரர். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். எங்களுக்கெல்லாம் அந்த வார்த்தையிலேயே குளிர் நடுக்கம் வரும்.

அன்றைக்கே பேர் வைத்துவிட்டேன்: சாமி ஜாஸ்.

அந்த ரெக்கார்டில் ஓர் இடத்தில் ஊசி வந்த வழியே திரும்பிப் போகும். தட்டு நாலு சுற்றுச் சுற்றுகிற அளவு ஒரு துண்டு, மறுபடியும் அதே துண்டு, மறுபடியும் அதே. ஊசியை எடுத்துவிட்டால்தான் நிற்கும். அது கீறல் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியார், "செபமாலை உருட்டுற மாதிரி இருக்கு" என்றார். தப்புக்காரர், "உடுக்கைய அடிச்சு ஒரே வரியத் திருப்பித் திருப்பிப் பாடித்தானே சாமிய எறக்குறோம், அதேதான்" என்றார். மாதக்கணக்கில் அந்தச் சுற்றைத்தான் பழகினோம். டெனர் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகும். பெரியது அடியில் தப்பு மாதிரி இடிக்கும். மற்ற இரண்டும் மேலே பறக்கும். அந்தப் பாட்டுக்கு முடிவு ஒன்று இருக்கிறது என்று பல வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டு ஆள் கடையில் வைத்து எனக்குச் சொன்னார். "உங்களுக்கு இருக்கும், எங்களுக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். வாத்தியார் தன் நேர் சாக்ஸை வானத்தைப் பார்த்துத் தூக்கினால் இன்னும் ஒரு சுற்று ஊதி நிறுத்துவோம். அதுதான் எங்கள் முடிவு.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கிளப்பில் எங்களைக் கூப்பிட்டார்கள். கரையோரத்தில் புதிதாகக் கட்டின ஒரு ஓட்டலின் மேனேஜர் அங்கே இருந்தார். எங்கள் சாமி ஜாஸைக் கேட்டுக் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தவர் மறுபடியும் தூக்கவில்லை. முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். வாத்தியாரிடம் இல்லை, என்னிடம். ஓட்டலில் நிரந்தர வேலை. நாலு பேருக்கும் தங்க இடம், சாப்பாடு, சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நாலு பேரும் ஓட்டலில் நிற்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும், ஒரு நாள் பிந்தினாலும் கொழும்பில் வேறு செட் தயாராக இருக்கிறது என்றார்.

எனக்கு அந்த வேலை எப்படி இருந்தது என்று டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் புரியாது. எனக்கு முப்பத்திரண்டு வயது. அதுவரை கடலைப் பார்த்ததில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் காலை நீட்டினால் ஒரு சுவர், கையை நீட்டினால் மறு சுவர். வாசலுக்கு வந்தால் தேயிலை. நாலு பக்கமும் மலை. பனி இறங்கிவிட்டால் அந்த மலையும் இருக்காது, ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்த மாதிரி இருக்கும். ஸ்டோருக்குள் போனால் வெளியே வெயிலா மழையா என்றே தெரியாது. என் தகப்பன் அங்கே தேயிலையைக் காயவைக்கிற டிரையர் சூட்டில் இருமி இருமிச் செத்தவர். அதே டிரையர் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போக ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது, அதுவும் ஒரே ஒரு நாள்தான் என்றால் என்ன செய்வீர்கள்?

என் சம்சாரத்திடம் சொன்னேன். அவளுடைய அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார், கடைசித் தங்கச்சி எல்லாரும் இந்தியப் பாஸ்போட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்கே போய்விட்டார்கள். என்னைக் கட்டின பாவத்துக்கு அவள் மட்டும் நின்றாள். ஒவ்வொரு தடவையும் ஸ்டேசன் வரை போய் வழியனுப்பிவிட்டு வருவாள். அழமாட்டாள், வந்து கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள்.

"ஆறு மாசம்தான். அங்க ஒரு வீடு பாத்துட்டு உன்ன வந்து கூட்டிக்கிறேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அவள் சரிங்க என்றால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் ஆடின ஆட்டத்தை மறைக்க விரும்பவில்லை. பெரட்டில் நூறு பேர் நிற்கும்போது டீமேக்கர் ஐயாவிடம் போய், "ஐயா, வெள்ளிக்கிழமையோட நம்ம கணக்கு முடிஞ்சுது. ரோலர் மக்கர் பண்ணினா இனிமே ஓட்டலுக்குத் தந்தி அடிங்க" என்றேன். கொழுந்தைச் சுருட்டுகிற ரோலர் நின்றால் என்னைத்தான் தேடுவார்கள். ஜனம் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். "சந்தோசமாப் போய்ட்டு வாப்பா" என்றார். போய்ட்டு வா என்று சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. போகிறவன் எதற்கு வர வேண்டும்?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக் கோச்சியைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் ஓட்டலில் நிற்கலாம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். தோட்டத்திலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கினால் ஸ்டேசன் முக்கால் மணித்தியாலம். சத்தம் போடாமல் போயிருக்கலாம். ஆனால் நான் யார்? மாரியம்மன் கோயில் வாசலில் தோட்டம் பார்க்க ஒரு தரம் ஊதிவிட்டுத்தான் போவது என்றேன்.

"அண்ணே, மொதல்ல கோச்சியப் பிடிப்போம். பெருமைய ஓட்டல்ல போய்ப் பேசிக்கலாம்ணே" என்றார் குக்.

"எனக்கும் மாரியம்மன் வாசல்ல என்னப்பா வேலை? ஃபாதர் கேட்டா என்ன சொல்றது?" என்றார் வாத்தியார்.

"ஆண்டவர் கேக்குற சங்கீதத்த அம்மனும் கேட்டுட்டுப் போகட்டுமே வாத்தியாரே. அரை மணித்தியாலம்தான்" என்றேன். என் செட்டில் என் பேச்சுதான் எடுபடும்.

குளிரில் சாக்ஸின் சுருதி இறங்கிவிடும். லயத்து அடுப்பில் நாலுக்கும் சூடு காட்டிவிட்டு ஒன்பதரைக்குக் கோயில் வாசலில் நின்றோம். டிரங்குப் பெட்டிகளை அரசமரத்தடியில் வைத்தோம். கோயில் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் வளைந்து போவது தெரியும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை பூசை. கொழுந்துக்காரிகள் பாதிப் பேர் கூடையைத் தலையில் மாட்டியபடியே நின்று பார்த்தார்கள்.

ஊதினோம். அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் வாசித்ததில்லை. மூன்றாவது சுற்றில் பேச்சுச் சத்தம் நின்றது. பத்தாவது சுற்றில் பொம்பளைகள் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். நேரம் சரியாக இருந்தது. வாத்தியார் சாக்ஸைத் தூக்கப் போன நேரம், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். பார்த்தால் என் சம்சாரம். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடக்கிறது. கண் மேலே சொருகியிருக்கிறது. கூடை ஒரு பக்கம் உருள்கிறது. நாலு பொம்பளைகள் பிடித்தும் நிற்காமல் எங்கள் வட்டத்துக்குள் வந்து ஆட ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியாது, சொல்லிவிடுகிறேன். ஒருத்தருக்கு அருள் வந்துவிட்டால், எந்த மேளத்தில் சாமி இறங்கியதோ அந்த மேளம் சாமி மலையேறும் வரைக்கும் நிற்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால் வந்த சாமி போக வழியில்லாமல் அந்த உடம்பிலேயே தங்கிவிடும், ஆள் பிழைக்காது என்பார்கள். தப்புக்காரர் கை வெடித்து ரத்தம் வந்தாலும் அடித்துக்கொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வாத்தியாருக்கு அது தெரியாது. அவர் சாக்ஸைத் தூக்கினார். பூசாரி ஓடி வந்து அதைக் கையால் பிடித்துக் கீழே அமுக்கினார். "ஊதுங்க! நிப்பாட்டாதீங்க! தாய் வந்திருக்கா!"

தப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பெரியதில் இடித்துக்கொண்டிருந்தார். அவர் பரம்பரைக்கு இது புதிதில்லை. குக் என்னைப் பார்த்தார். நான் கோயில் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன வேணும் தாயே? சொல்லிட்டு மலையேறு தாயே" என்று பூசாரி வேப்பிலையால் தடவினார்.

என் சம்சாரம் என்னை நேராகப் பார்த்தாள். பத்து வருஷமாக ஏங்க, வாங்க, போங்க என்று தவிர வேறு வார்த்தை வராத வாய். "டே" என்றாள். "எங்கடா கெளம்பிட்ட?"

நான் ஊதிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

"ஏத்தி ஏத்தி அனுப்பிட்டேன்டா. கோச்சி கோச்சியா ஏத்தி அனுப்பிட்டேன். எத்தன காம்பிராவுல வெளக்கு இல்ல தெரியுமா? எல்லாரும் போனா இந்த வாசல்ல எனக்கு யாருடா?"

கூட்டத்தில் பொம்பளைகள் ஓவென்று அழுதார்கள். பாதிப் பேர் வீட்டில் யாராவது கப்பலேறிப் போயிருந்தார்கள்.

"என்ன செய்யணும் தாயே?"

"வாக்குக் குடுக்கச் சொல்லு. இந்த மலைய விட்டுப் போகமாட்டேன்னு இவன் வாக்குக் குடுக்கணும்."

பூசாரி என் காதோரம் வந்து, "வாக்குக் குடுத்துருப்பா" என்றார். நான் சாக்ஸைக் கண்ணால் காட்டினேன். டெனர் நின்றால் வட்டம் உடைந்துவிடும். வாழ்க்கையில் எந்த இடத்திலும் பேச்சுக்குக் குறை வைக்காதவன் நான். அன்றைக்குச் சாக்ஸின் முனையில் மாட்டுகிற மூங்கில் சீவலை வாயில் கவ்விக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன்.

"தலைய ஆட்டு, போதும்."

ஆட்டவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். எந்த உடம்புக்கும் ஒரு அளவு இருக்கிறது, களைத்து விழுவாள், ஓடினால் கோச்சியைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் களைக்கவில்லை. எங்களுக்குத்தான் உதடு மரத்துப் போனது. வாத்தியார் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் ஓட, தன் ஆண்டவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. கீழே ஸ்டேசனில் ஊதல் சத்தம். கொஞ்ச நேரத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கோச்சி வந்தது. பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல், வளைவில் போனது. ஜன்னலில் யாரோ தலை துவட்டுகிற துணியைக் காயப் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது. கடைசிப் பெட்டியும் மறைந்தது. நாங்கள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூச்சு முட்டியதா, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததா, போனதுதான் போய்விட்டதே என்றா. ஆட்டினேன். தோட்டமே பார்த்தது. பூசாரி எரிகிற கற்பூரத்தை அவள் நாக்கில் வைத்தார். அவள் அதை அணைத்துவிட்டு அப்படியே சாய்ந்தாள். சாமி மலையேறியது. வாத்தியார் சாக்ஸைத் தூக்கவே தேவைப்படவில்லை. நாலும் தானாக நின்றுவிட்டன.

அரசமரத்தடியில் டிரங்குப் பெட்டிகள் மேல் உட்கார்ந்தோம். கடைசியில் வாத்தியார், "பின்னேரம் ஒரு கோச்சி இருக்கு. பிந்தித்தான் போய்ச் சேருவோம். கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

"நான் தலைய ஆட்டிட்டேன் வாத்தியாரே."

"கோச்சி போன பொறகு ஆட்டுன தலைக்கு என்னண்ணே மதிப்பு?" என்றார் குக்.

தப்புக்காரர் அவர் வாயைப் பொத்தினார். "அது அம்மனுக்கு ஆட்டுன தலை. இவர இழுத்துக்கிட்டு யார் கெளம்புனாலும் நான் கூட வரமாட்டேன்."

செட் அந்த இடத்தில் முடிந்தது. குக் மட்டும் பின்னேரக் கோச்சியில் போனார். சாக்ஸ்காரனாக அவரை எடுக்கவில்லை, சமையல்காரனாக எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அவர் மலைக்கு வரவே இல்லை. வருஷம் ஒரு தடவை கடல் படம் போட்ட கார்ட் அனுப்புவார். நான் அதைச் சுவரில் ஒட்டியதில்லை.

அன்றைக்குப் பின்னேரம் என் சம்சாரம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முடியை வாரிக் கட்டியிருந்தாள். நாக்கு சுட்டிருந்ததால் பேச்சு குழறியது.

"நெசமாச் சொல்லு. வந்தது சாமிதானா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க" என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "டிரங்குப் பெட்டியில இருந்த சட்டைய எடுத்து வெளிய வச்சிருக்கேன். பூச்சி அரிக்கும்."

ஒரு ஆள் பொய் சொல்கிறானா என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். வியாபாரத்தில் நான் மேலே வந்ததே அதனால்தான். அவளோடு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்துவிட்டேன். இந்த ஒன்றில் மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் கேட்கவும் இல்லை. சாமிதான் என்று வைத்துக்கொண்டால் நான், அம்மனே வந்து போகாதே என்று மறித்த ஆள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி நினைத்தபடி படுத்தாலும் காம்பிராவின் சுவர் நகர்ந்து போய்விடவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனேன். ஓடிப் போயிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கே? கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். வெள்ளிக்கிழமை கதை எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பதில் வைத்திருந்தேன். பேர் கூப்பிட்டு முடித்து ஆட்களெல்லாம் மலைக்குப் போன பிறகு, டீமேக்கர் ஐயாவும் நானும் மட்டும் நின்றோம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை.

"ஐயா, மறுபடியும் பேர் எழுதணும்னா ஆப்பீசுல யாரப் பாக்கணும்?"

அவர் ஆட்களின் பேர்ப் பதிவான செக்ரோலைத் திறந்து விரலால் ஒரு வரியைக் காட்டினார். எனக்கு அவ்வளவு வாசிக்கத் தெரியும். என் பேர் அப்படியே இருந்தது.

"வெட்டலைப்பா" என்றார். குரலில் நக்கல் ஒரு துளி இல்லை. "நீ போவேன்னு நான் நெனைக்கவே இல்ல. சரி, உள்ள போ. சனிக்கிழமைலருந்து ரெண்டாம் ரோலர் நிக்குது."

டவுனில் கடை போடுவதற்கு முன்னால் இன்னும் ஏழு வருஷம் அந்த ஸ்டோரில் இருந்தேன். என்னைத் திட்டினவர்கள் உண்டு, ஏமாற்றினவர்கள் உண்டு, எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நல்ல மனுஷன் சொன்னதற்கு மட்டும் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே போனேன். டிரையர் சூடு முகத்தில் அடித்தது. ரோலரின் மூடியைத் திறந்து பார்த்தேன். பெல்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. ஆனால் மற்றவர்களால் முடியவில்லையே.